ஸ்குறூட்ரைவர் தேடப் போகும் அத்தான்

மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் என் அக்கா வீட்டு கராஜுக்குள் போனால் சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் ஸ்குறூட்ரைவர்கள் எல்லாம் உயர வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் உருவம் கறுப்புப் பேனாவால் கீறப்பட்டிருக்கும், எடுத்தால் எங்கே வைப்பது என்று குழப்பம் வராமலிருக்க. இந்த ஒழுங்கெல்லாம் என் அத்தான் ஞானேந்திரனுடையது. கண்ணை மூடிக்கொண்டு போய் எடுக்கலாம். அப்படியிருந்தும், எனக்கு அவரைத் தெரிந்த இந்த இருபத்தைந்து வருடத்தில், பாதிச் சாப்பாட்டில், பாதிக் கதையில், ஒருமுறை என் மகனின் முதல்நன்மை விழாக் கேக் வெட்டுகிற நேரத்தில்கூட, "ஒரு ஸ்குறூட்ரைவர் தேடவேணும்" என்று எழும்பி கராஜுக்குள் போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு வருவார். எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு கிறுக்கு உண்டு, இது இவருடையது என்று நான் விட்டுவிட்டேன்.

அத்தான் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, பதின்பருவத்தைச் சண்டைக்குள் கழித்து, கொழும்பு, பாங்கொக் என்று எங்கெல்லாமோ நின்று கடைசியில் மொன்றியலில் இறங்கியவர். இறங்கிய விமான நிலையத்திலேயே வேலையும் எடுத்துக்கொண்டார். ஆள் உயரமில்லை, தோள் மட்டும் அகலம். ஞாயிறு பூசைக்குக் கோயிலில் கடைசி வாங்கிலிருந்து சத்தமாகப் பாடுவார். சுருதி சேராது. அக்கா முழங்கையால் இடிப்பாள், அவர் இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவார். அவரோடு கோபித்துக்கொண்டிருப்பது கஷ்டம். நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

வேட்டைப் பைத்தியம் அவருக்கு றெஜானிடமிருந்து தொற்றியது. றெஜான் அவரோடு ஒரே வண்டியில் பெட்டி ஏற்றுகிற, பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரன். ஒவ்வொரு ஒக்டோபரும் வடக்கே காட்டுக்குப் போய் மூஸ் சுடுகிறவன். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான ஒரு மான்வகை. றெஜான் கொண்டுவந்து கொடுத்த இறைச்சியை அக்கா யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுப் பிரட்டல் கறியாக்கினாள். அதை வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனதுதான் வினை. பெட்டி ஏற்றுகிறவர்கள் முழுப்பேரும் அத்தானைச் சுற்றி நின்று தின்றார்கள். அடுத்த வருடம் நீயே வந்து சுட வேண்டும் என்று றெஜான் பிடிவாதம் பிடித்தான். அத்தான் பிரெஞ்சில் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, வேட்டைக்காரனுக்குரிய அத்தாட்சியும் எடுத்துவிட்டார். வீட்டுக்குள் துவக்கு வரக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். ஆகவே துவக்கு லொங்குய்யில் றெஜான் வீட்டில் இருந்தது, வருடத்துக்கு ஒருமுறை அத்தானோடு காட்டுக்குப் போனது. மூன்று வருடம் போய் அவர் ஒரு முயலைக்கூடச் சுடவில்லை. மூஸ் வந்தால் பார்த்துக்கொண்டு நிற்பாராம், வடிவாயிருக்குமாம். றெஜான் தலையில் அடித்துக்கொள்வான்.

நாலாவது வருடம்தான் அத்தான் தொலைந்தார். தொலைந்த காரணத்தை நான் இங்கே எழுதுவது அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டுதான் அனுமதி தந்தார்.

காலையில் அவரை ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு, றெஜான் அடுத்த மேட்டில் போய்க் குந்தியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அத்தானுக்கு ஒதுங்கவேண்டி வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் என்றால் அந்த மரத்துக்குப் பின்னால் நின்று விசயத்தை முடித்துவிட்டுத் திரும்பியிருப்பான். றெஜான் அப்படித்தான், கதையைக்கூட நிறுத்தமாட்டான். நம்முடைய மனிதருக்கு அடுத்த மேட்டில் ஓர் ஆள் இருக்கிறான் என்பதே போதும். மறைவு தேடி நடந்தார். ஒரு பற்றையைத் தாண்டினால் அதற்கப்பால் வெளியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போனார். சின்ன ஓடை ஒன்றைக் கடந்து, இனி எந்தச் சீவனும் பார்க்காது என்ற இடத்தில் குந்தினார். எழும்பியபோது பனிப்புகார் இறங்கியிருந்தது. வந்த திசை என்று அவர் நினைத்த திசையில் நடந்தார். ஓடை வரவேயில்லை.

திசைகாட்டியும் கைத்தொலைபேசியும் தண்ணீர்ப்போத்தலும் மரத்தடியில் கிடந்த பைக்குள். துவக்கைத் தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று வகுப்பில் சொன்னதால் அது மட்டும் தோளில். காற்சட்டைப் பையில் அக்கா ஈயத்தாளில் சுற்றிக் கொடுத்த மீன் றோல்ஸ். இன்னொரு பையில் ஒரு லைற்றர். சிகரெற்றை விட்டுவிட்டேன் என்று மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்த மனிதரின் பையில் லைற்றர்.

தொலைந்தால் மூன்று வெடி வைக்கவேண்டும் என்று படித்ததை ஞாபகம் வைத்து மூன்று வெடி வைத்தார். தூரத்தில் ஒரு வெடி பதிலாகக் கேட்டது. றெஜான்தான் என்று மகிழ்ந்து அந்தப் பக்கமே நடந்தார். அது வேறு யாரோ மூஸுக்கு வைத்த வெடி. வேட்டைக் காலத்தில் காடு முழுக்க வெடிச்சத்தம் கேட்கும் என்பது அவருக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. துவக்கில் ரவை தீர்ந்தது, பொழுது சாய்ந்தது. றெஜானிடமிருந்து அவர் போய்ச் சேர்ந்த தூரத்தை யாரும் கற்பனை செய்திருக்கமாட்டார்கள். ஒதுங்கப் போன ஆளை அந்தளவு தள்ளித் தேடவேண்டும் என்று எந்தப் பொலிசுக்குத் தோன்றும்?

ஆனால் குளிரில் அத்தான் விபரமானவர். தை மாதத்தில் ஓடுபாதையில் நின்று பெட்டி இறக்குகிறவருக்கு ஒக்டோபர்க் குளிர் புதிதல்ல. ஊசியிலைக் கொப்புகளை முறித்து அடியிலும் மேலும் போட்டுக்கொண்டு, காய்ந்த பாசியைச் சேட்டுக்குள் திணித்துக்கொண்டு படுத்தார். மறுநாள் முழுக்கச் சீதளமழை. றோல்ஸைப் பாதி பாதியாகக் கடித்தார். "அக்கான்ரை றோல்ஸிலை உறைப்புக் கூட எண்டு நான் இனி வாய் திறக்கமாட்டன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்த உறைப்புத்தான் சூடாக இருந்ததாம்.

செய்தி வந்ததும் நான் வேலைக்கு லீவு போட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு வடக்கே ஓடினேன். காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் பொலிஸ் ஒரு கூடாரம் அடித்திருந்தது. தொண்டர்கள், நாய்கள், வரைபடம், கோப்பி. றெஜான் ஒரு மரக்குற்றியில் இருந்து அழுதுகொண்டிருந்தான். மழை விட்டதும் தேடுவதற்கு ஹெலிகொப்டர் வரும், உயிரோடு இருந்தால் பயமில்லை, சத்தம் கேட்டதும் வெளியே வந்து கையைக் காட்டுவார் என்று பொறுப்பான அதிகாரி சொன்னார். எனக்கு நெஞ்சு லேசாகியது. அக்கா மட்டும் என்னவோபோல் ஆகிவிட்டாள். ஹெலியா, ஹெலியா என்று இரண்டு தடவை கேட்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

இனி அங்கே, காட்டுக்குள். மழை விட்டதும் அத்தான் லைற்றரால் ஒரு நெருப்பை எப்படியோ பிடித்து, ஈரப்பாசியை மேலே போட்டுப் புகை எழுப்பினார். நல்ல வெள்ளைப் புகை நேரே மேலே போனது. உடம்பும் மெல்லக் காய்ந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

அவர் அதைக் காதால் கேட்கவில்லையாம், வயிற்றால் கேட்டாராம். அடுத்த நிமிடம் இரண்டு காலாலும் நெருப்பை மிதித்து அணைத்துக்கொண்டு நின்றார். வேட்டைக்காரர் போடுகிற செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றிச் சுருட்டி வயிற்றின் கீழ் வைத்து, அடர்த்தியான மரமாகப் பார்த்து அதனடியில் முகங்குப்புறப் படுத்துவிட்டார். சத்தம் தலைக்கு மேலே வந்து, சுற்றி, போனது. மரங்கள் அசைவது நின்ற பிறகுதான், தான் செய்த வேலை அவருக்கு விளங்கியது. தன்னைத் தேடி வந்த ஹெலிக்குத் தானே ஒளித்திருக்கிறார்.

குருநகரில் சின்ன வயதில் அவர்களுக்கு இது பாடம். ஹெலிச்சத்தம் கேட்டால் அடுப்பை அணை. கொடியில் காய்கிற நிறத்துணியை இழுத்து எடு. மரத்தடியில் குப்புறப் படு. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே பாராதே, முகம் வெயிலில் மினுங்கும், மேலேயிருந்து சுடுகிற ஆமிக்காரனுக்குத் தெரிந்துவிடும். அவருடைய தாய் பிடரியில் கையை வைத்து அமத்திப் படுக்க வைப்பாவாம். பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் வேலியோரம் நின்று மேலே பார்த்தவர். வெடிபட்ட அவரை ஞானேந்திரனும் இன்னும் மூன்று பொடியன்களும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போய்ச் சேரும்போது உயிரில்லை. அத்தானுக்கு அப்போது பதின்மூன்று வயது.

நெருப்பைத் திரும்ப மூட்டப் பார்த்தார். லைற்றரைக் காணவில்லை, படுத்த அவசரத்தில் சேற்றில் எங்கோ புதைந்துவிட்டது. தன்னையே வாயில் வந்தபடி திட்டினார். அடுத்தமுறை வெளியே ஓடிப்போய் நிற்கிறேன் என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டார். அன்றிரவு நெருப்பில்லாமல் கழிந்தது. விடிந்தபோது விரல்கள் மடங்க மறுத்தன, றோல்ஸும் முடிந்திருந்தது. இன்னுமோர் இரவு தன்னால் தாங்க ஏலாது என்று அவருக்குத் தெரிந்தது. காலையில் ஹெலி வந்தது. வெளியே ஓடத்தான் நினைத்தார். கால்கள் மறுபக்கம் ஓடின. திரும்பவும் மரத்தடியில்தான் கிடந்தார். "நான் நல்லா யோசிச்சு வைச்சிருந்தனான் தம்பி. உடம்பு என்னைக் கேக்கேல்லை" என்றார்.

அந்த நேரம் இங்கே கூடாரத்தில் அதிகாரி வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வடிவாகப் பார்த்தாயிற்று, உயிரோடு நடமாடக்கூடிய ஆள் அங்கே இருந்திருந்தால் வெளியே வந்திருப்பார், ஆகவே ஹெலியை இனி ஆற்றுப்பக்கம் அனுப்பப் போகிறோம் என்றார். ஆற்றுப்பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அக்காவின் தோளைப் பிடிக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு அதிகாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

அக்கா வேலை செய்வது கார்தெறி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளோடு. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிற பிரெஞ்சு. ஆகவே அந்த ஆறடி அதிகாரியிடம், என் கண்ணைப் பார், நான் சொல்லுவதை நல்லாய்க் கேள் என்றுதான் தொடங்கினாள். என் புருசன் அங்கேதான் இருக்கிறார், ஒளித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். யாரிடமிருந்து ஒளிக்கிறார் என்று கேட்டார். உங்களுடைய ஹெலியிடமிருந்து என்றாள். பிறகு பிரெஞ்சு போதாமல் என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, வடிவா மொழிபெயர்த்துச் சொல்லு. வீட்டுக்கு மேலாலை ஹெலி போகேக்கை இந்த மனிசன் கராஜுக்கை போய்ச் சுவரோடை சாஞ்சு நிக்கும். இருபத்தஞ்சு வருசமா நிக்குது. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சு ஸ்குறூட்ரைவர் தேடுறன் எண்டு சொல்லும். நானும் தெரியாத மாதிரி இருந்திட்டன். அவர் அங்கைதான் படுத்திருக்கிறார்."

நான் மொழிபெயர்த்தேன்.  இத்தனை வருடம் அந்த மனிதரைக் கிறுக்கன் என்று சிரித்தவன் நான்தானே.

அக்கா விடவில்லை. ஹெலி போன பிறகு அவர் தன்மேல் கோபப்படுவார், வெட்கப்பட்டு வெளியே வருவார், ஆகவே போன கையோடு திரும்பிப் போகச் சொல்லுங்கள் என்றாள். அதிகாரி மடித்த வரைபடத்தைத் திரும்ப விரித்தார். பிறகு வோக்கிடோக்கியை எடுத்து, ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த ஹெலியைத் திரும்பச் சொன்னார். நடந்து தேடுகிறவர்களையும் றெஜானோடு அந்தப் பக்கம் அனுப்பினார்.

காட்டுக்குள் அத்தானும் அதே நேரம் தன் கால்களோடு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பீவர் என்கிற நீர்ப்பிராணிகள் அணைகட்டி மரங்களைச் சாகடித்த ஒரு வெட்டைவெளி அங்கே இருந்தது, நடுவில் பட்டமரம் ஒன்று. மேலங்கியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி அந்த மரத்தடிக்குப் போனார். துவக்கின் தோள்வாரைக் கழற்றி, தன் வலது காலை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டார். அவசரத்தில் தானே அவிழ்த்துவிடுவார் என்று தன்மேலேயே சந்தேகம். கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால் வானம் வெறுமையாக இருந்தது. ஹெலி போய்விட்டது, இனி வராது, தன்னைத் தானே கட்டிக்கொண்டு சாகப்போகிற முதல் குருநகரான் நான்தான் என்று யோசித்தாராம்.

அது திரும்பி வந்தது. உடம்பு ஓடப் பார்த்தது. வார் இழுத்துச் சேற்றில் விழுத்தியது. எழும்பினார். திரும்ப ஓடப் பார்த்து, திரும்ப விழுந்தார். கைகள் தலையை மூடிக்கொண்டன. பிடரியில் தாயின் கையைத் தெளிவாக உணர்ந்ததாகச் சொன்னார். நான் நம்புகிறேன்.

"அம்மா, இது வேறை ஹெலி. கையை எடணை" என்று அவர் சத்தமாகச் சொன்னார்.

பிறகு முகத்தை நிமிர்த்தி, அப்படியே மேலே பார்த்தார்.

நடந்து போனவர்கள் அவரை அடைந்தபோது காலில் இருந்த கட்டைக் கண்டு திகைத்துப் போனார்கள். யார் கட்டியது என்று ஒரு தொண்டர் கேட்டார். நான்தான் என்றார் அத்தான்.  றெஜான் கத்தியால் வாரை அறுத்தான். ஒதுங்குவதற்கு இவ்வளவு தூரமா வருவாய் என்று, கெபெக்காரர் வழக்கப்படி கோயிலில் உள்ள பூசைச் சாமான்களின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினான். திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்தான். வேதக்காரரான அத்தான் அந்தக் கெட்டவார்த்தைகளுக்குச் சிலுவை போட்டுக்கொண்டாராம்.

அம்புலன்சில் ஏற்றும்போது அக்கா கிட்டப்போய் அவருடைய முகத்தைத் தடவினாள், அவருடைய சேட்டை முகர்ந்து பார்த்தாள். எல்லோரும் அழத் தயாராக நின்றோம்.

"புகை மூட்டினீங்களாம். லைற்றர் எங்காலை வந்தது?" என்று கேட்டாள்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகுதான் அவள் அழுதாள், நெடுநேரம் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அவரோடு நான் தனியே இருந்தபோது, ஹெலி திரும்பி வந்த கதையைச் சொன்னேன். அக்கா அதிகாரியிடம் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னேன். அவர் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவவுக்குத் தெரியுமோ?"

"முந்தியே தெரியுமாம், அத்தான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியே போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தேன்.

போன ஆடி மாதம் அக்கா வீட்டுப் பின்வளவில் இறைச்சி சுட்டோம். றெஜான் தன் பங்கு மூஸ் இறைச்சி கொண்டு வந்திருந்தான். அத்தான் இப்போதும் வேட்டைக்குப் போகிறார். கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது. ஒதுங்கப் போனால் அதை ஊதிக்கொண்டே போகவேண்டும் என்பது றெஜானின் சட்டம். இந்தக் கதையை றெஜான் எல்லோருக்கும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, கிழக்கே தூரத்தில் ஹெலிச்சத்தம் கேட்டது.

அத்தான் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பினார். ஸ்குறூட்ரைவர் என்று சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"றோசா, ஹெலி வருது" என்றார்.

அக்கா கையில் இருந்த சலாட் கிண்ணத்தைப் புல்லிலேயே வைத்துவிட்டு வந்து அவருடைய கையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக கராஜுக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. ஹெலி எங்கள் தலைக்கு மேலால் போய், ஆற்றைத் தாண்டி, சத்தம் தேய்ந்து இல்லாமல் போன பிறகும் அவர்கள் வெளியே வரவில்லை.

எங்கே போய்விட்டார்கள் என்று றெஜான் என்னிடம் கேட்டான்.

ஸ்குறூட்ரைவர் தேடப் போய்விட்டார்கள் என்றேன்.

இரண்டு பேருமா என்று கேட்டான்.

ஓம், இரண்டு பேரும்தான் என்று சொல்லிவிட்டு, அத்தானுக்கென்று நல்லதாக ஒரு துண்டு இறைச்சியை ஒதுக்கி வைத்தேன்.